உள்ளே இழுத்த மூச்சு

மூன்று என்று சொல்லித் தொலைத்திருக்க வேண்டாம். ஏழு என்று சொல்லியிருக்கலாம், ஏழு பொய்கூட இல்லை. குறைந்தது ஆறு என்று சொல்லியிருந்தால் இந்த இரண்டு வருஷம் மிஞ்சியிருக்கும். பத்துக்கு எவ்வளவு வலி என்று கேட்டால் மூன்று என்று சமர்த்தாகச் சொல்லச் சொல்லி உன்னை யார் கேட்டார்கள்?

மைலிஸ் சமையலறை மேஜையருகே உட்கார்ந்து உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாள். வலது கை மேஜைமேல் கிடந்தபடி கிழங்கைப் பிடித்துக்கொள்ளும். சீவுவது இடது கை. முழங்கைக்குக் கீழே வலது கையில் ஒரு குறையும் இல்லை, விரல்கள் அறுபத்தாறு வயதுக்கு நன்றாகவே இருந்தன. தோள்தான் போய்விட்டது. உள்ளே குருத்தெலும்பு என்று ஒன்று மிச்சமில்லை, எலும்பும் எலும்பும் உரசுகின்றன என்று படம் எடுத்துக் காட்டினார்கள். கையை ஒரு அளவுக்கு மேல் தூக்கினால் பழைய கதவின் கீல் மாதிரி ஒரு நறநறச் சத்தம் அவளுக்கே கேட்கும்.

அந்த மூன்றைச் சொன்னது இரண்டு வருஷத்துக்கு முன், சுகாதார நிலையத்தில். தெற்கிலிருந்து புதிதாக வந்திருந்த இளம் டாக்டர் ஒருவன் அவள் கையைப் பின்னால் மடக்கி, "இங்க வலிக்குதா?" என்று கேட்டான். இந்த வடக்குப் பகுதியில் ஆமாம் என்பதை யாரும் வாயால் சொல்வதில்லை. உதட்டைக் குவித்து மூச்சை வெடுக்கென்று உள்ளே இழுத்தால் அதுதான் ஆமாம். மைலிஸ் இழுத்தாள். அவன் கையை விட்டுவிட்டு அவள் முகத்தைப் பார்த்தான்.

"வலியில இழுத்தீங்களா, இல்ல ஆமாம்னு சொல்றீங்களா?"

"ரெண்டும்தான்," என்று அவள் சிரித்தாள். அவனும் சிரித்தான். அதன் பிறகுதான் பத்துக்கு எவ்வளவு என்று கேட்டான். சிரித்த கையோடு எட்டு என்று சொல்ல அவளுக்கு வெட்கமாக இருந்தது. பக்கத்து வீட்டு குன்னெலுக்கு வயிற்றில் புற்று வந்து அந்த வாரம்தான் அடக்கம் செய்திருந்தார்கள். தோள்பட்டையை வைத்துக்கொண்டு எட்டு என்று சொல்ல தான் யார்? மூன்று என்றாள். லேசான வலி என்று அவன் எழுதிக்கொண்டான். அறுவை சிகிச்சைக்குக் காத்திருப்பவர்கள் வரிசையின் கடைசியில் போய் நின்றாள் மைலிஸ், வாயைத் திறந்து தானே போய் நின்றாள்.

ஃபோன் அடித்தது. ஈரக் கையைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு எடுத்தாள்.

"மைலிஸ்தானே? எலும்புப் பிரிவுலேர்ந்து அன்னெலி பேசறேன். உங்க தோளுக்கு ஒரு தேதி கெடச்சிருக்குங்க. செப்டம்பர் மூணு, செவ்வாய்க்கிழமை."

"அடுத்த வாரமா?"

"ஆமாங்க. திங்கட்கிழமை மத்தியானமே இங்க வந்துடணும். உங்களுக்கு முன்னாடி ரெண்டு ஆம்பளைங்க இருந்தாங்க, ரெண்டு பேரும் வேணாம்னுட்டாங்க."

"ஏன்?"

"ஏன்னு நீங்களே கேக்கறீங்க பாருங்க. எல்க் மான் வேட்டை வாரமாச்சே." அன்னெலி சிரித்தாள். "வருஷா வருஷம் இதே கூத்துதான். அந்த வாரம் டாக்டர் இருப்பாங்க, கட்டில் இருக்கும், நோயாளிதான் அகப்பட மாட்டாங்க. காடு கூப்பிட்டா இடுப்பு வலி, முட்டி வலி எல்லாம் ஒரு வாரத்துக்குக் காணாமப் போயிடும்."

"இத விட்டா?"

"பிப்ரவரி. மார்ச்சும் ஆகலாம். சத்தியம் பண்ணி சொல்ல முடியாது. வெள்ளிக்கிழமை பன்னண்டு மணிக்குள்ள சொல்லிடுங்க, அதுக்கு மேல வெச்சிருக்க முடியாது."

"யோசிச்சு சொல்றேன்," என்றாள் மைலிஸ்.

ஃபோனை வைத்த பிறகு அந்தப் பதிலை நினைத்து அவளுக்கே எரிச்சலாக இருந்தது. யோசிக்க என்ன இருக்கிறது? இரண்டு வருஷமாக யோசித்த ஒன்றுதானே. ஆனால் பேசும்போதே அவள் கண் குளிர்பதனப் பெட்டியின் கதவில் மாட்டியிருந்த காலண்டருக்குப் போய்விட்டது. செப்டம்பர் முதல் திங்கட்கிழமையை அவள் புருஷன் ரோலாண்ட் சிவப்புப் பேனாவால் மூன்று வட்டம் போட்டு வைத்திருந்தான். வேட்டை தொடங்கும் நாள். கண் முதலில் அங்கே போனது, தோள் அப்புறம்தான் ஞாபகம் வந்தது.

அறுவை சிகிச்சை பற்றி அவளுக்குக் குழப்பம் ஒன்றும் இல்லை. வேட்டைக்கு நடுவே நாய்களுக்கு வயிறு கிழிந்தால் தைக்கிறவள் அவள், ரத்தம் பயமில்லை. டாக்டர் வெஸ்தின் என்கிற உயரமான அம்மாள் ஜூன் மாதத்தில் ஒரு பிளாஸ்டிக் எலும்பை வைத்துக்கொண்டு எல்லாம் விளக்கினாள். பந்து இருந்த இடத்தில் கிண்ணம் வைப்பார்கள், கிண்ணம் இருந்த இடத்தில் பந்து. வலி பெரும்பாலும் போய்விடும். கை தலைக்கு மேல் போகுமா என்பதற்கு உத்தரவாதமில்லை. நூறு பேரில் ஒன்றிரண்டு பேருக்குச் சீழ் வைக்கும், வைத்தால் எல்லாவற்றையும் கழற்றி மறுபடி முதலிலிருந்து. ஆறு வாரம் கையைப் பட்டையில் கட்டித் தொங்கவிட்டிருக்க வேண்டும், உடுத்த, குளிக்க யாராவது வேண்டும். "ஆனா ரொம்ப நாள் தள்ளாதீங்க. எலும்பே தேய ஆரம்பிச்சிடுச்சு. இன்னும் தேஞ்சா நான் எதுல திருகாணி போடறது?" என்றாள்.

பிறகு அந்த அம்மாள் கேட்டாள். "அந்தக் கையால நீங்க என்ன செய்யணும்னு ஆசைப்படறீங்க?"

"ஜன்னலுக்குத் திரை மாட்டணும்," என்றாள் மைலிஸ்.

டாக்டர் எழுதிக்கொண்டாள். அது உண்மையில்லை. திரை மாட்டுவதில் அவளுக்கு ஒரு ஆசையும் கிடையாது. அவளுக்கு வேண்டியது வலது பக்கம் ஒருக்களித்துப் படுப்பது. அந்தப் பக்கம் சுவர், சுவரில் ஒரு ஜன்னல், ஜன்னலுக்கு வெளியே பிர்ச் மரங்கள். ஆறு வருஷமாக இடது பக்கமே படுக்கிறாள். இடது பக்கம் ரோலாண்டின் முகம் இருக்கிறது, வாயைத் திறந்துகொண்டு. இதை எந்த டாக்டரிடம் சொல்ல முடியும்? அரசாங்கம் இவ்வளவு செலவு செய்து ஒரு புதுத் தோள் மூட்டு மாட்டிவிடுவது புருஷனுக்கு முதுகு காட்டிப் படுக்கவா என்று கேட்டால்?

மாலை சாப்பாட்டில் தேதியைச் சொன்னாள். ரோலாண்ட் முள்ளை வாயிலிருந்து எடுத்துத் தட்டின் ஓரத்தில் வைத்தான்.

"செப்டம்பர் மூணா? அவங்களுக்குக் காலண்டர் பாக்கத் தெரியாதா?"

"பாத்துட்டுத்தான் எனக்குக் குடுத்திருக்காங்க. ரெண்டு ஆம்பளைங்க வேணாம்னுட்டாங்களாம்."

"பாத்தியா? புத்தியுள்ளவனுங்க." மறுபடி மீனை எடுத்தான். "வேற தேதி கேக்க வேண்டியதுதானே?"

"பிப்ரவரி. மார்ச்சும் ஆகலாம்."

"பிப்ரவரி நல்லதாச்சே. வேலையே இல்லாத மாசம்."

"எலும்பு தேஞ்சுட்டே வருதுன்னு டாக்டர் சொன்னா. இன்னும் தேஞ்சா மாட்ட இடமிருக்காதாம்."

"அப்படித்தான் சொல்லுவாங்க. நம்ம கார் மெக்கானிக் சொல்றதில்லையா, இன்னிக்கே மாத்தலன்னா வண்டி நடுரோட்ல நின்னுடும்னு. பதினோரு வருஷமா ஓடுது."

அவன் கொஞ்ச நேரம் தின்றான். பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான், அது அவளுக்குப் பழக்கமான குரல், எதையோ கேட்கப்போகிற குரல்.

"இங்க பாரு கெழவி. எவர்ட் முப்பது வருஷம் வேட்டைக்குத் தலைவனா இருந்தான். இந்த வருஷம்தான் எங்கையில குடுத்திருக்கான். சனிக்கிழமை கொட்டகையில நாலு எல்க் தொங்கும், வெட்ட ஆளில்லன்னா பதினோரு பேரும் என்னையத்தான் பாப்பாங்க."

"பதினோரு பேருக்கும் ஆளுக்கு ரெண்டு கை இருக்கே."

"கை இருக்கு. அவனுங்க வெட்டினா கறி மாதிரியா இருக்கும்? வெறகு மாதிரி இருக்கும். உன்ன மாதிரி சவ்வு பாத்து பிரிக்க எவனுக்கு வரும்?"

பாராட்டுதான். முப்பத்தோரு வருஷமாக ஒவ்வொரு செப்டம்பரிலும் இதே பாராட்டு. முதல் வருஷம் கேட்டபோது முகம் சூடாகி, இரண்டு நாள் நின்றபடியே வெட்டினாள். அதற்குப் பிறகு யாருமே கற்றுக்கொள்ளவில்லை. மைலிஸ் இருக்கும்போது கற்றுக்கொள்வது அவளுக்கு மரியாதைக் குறைவு என்பது போல எல்லோரும் கத்தியைக் கீழே வைத்துவிட்டார்கள். வெட்டிய கையும், வார நாட்களில் கிழவர்களைக் கட்டிலிலிருந்து தூக்கிய கையும் ஒரே கைதான். முப்பத்து நான்கு வருஷம் நகராட்சியின் முதியோர் வீட்டுப் பராமரிப்பில் வேலை பார்த்தவள். எந்தக் கிழவர், எந்த எல்க் இந்தத் தோளைத் தின்றது என்று அவளால் பிரித்துச் சொல்ல முடியாது.

"வேட்டை கெடக்கட்டும்," என்றான் ரோலாண்ட், "அப்புறம் ஆறு வாரம் உனக்குப் பொத்தான் மாட்டணும், அது இதுன்னு இருக்கும். எனக்கு அதெல்லாம் வராது. இந்த வெரலப் பாரு." தடித்த விரல்களை விளக்குக்கு நேரே காட்டினான்.

"அந்த வெரலாலதானே தூண்டில் முள்ளுக்கு எறகு கட்டற? கொசு அளவுக்கு முடிச்சு போடற?"

அவன் பிடிபட்ட மாதிரி சிரித்தான். "அது வேற."

வேறுதான். அவள் தட்டுகளை இடது கையால் ஒவ்வொன்றாகத் தொட்டிக்குக் கொண்டுபோனாள். அவன் உட்கார்ந்தபடி ரேடியோவில் வானிலை கேட்டான்.

மறுநாள் காலை காப்பி வடிகட்டும் தாள் தீர்ந்துவிட்டது. புதுக் கட்டு அலமாரியின் மேல் தட்டில். அந்தத் தட்டைக் கீழே இறக்கி அடித்துக்கொடு என்று போன வசந்தத்தில் சொன்னாள், ரோலாண்ட் அளவுகூட எடுத்தான், பலகையும் வாங்கி வைத்தான், பலகை கொட்டகையில் இருக்கிறது. இடது கையில் கெட்டில் இருந்ததால் யோசிக்காமல் வலது கை மேலே போனது. கூடத்தில் அவன் பூட்ஸ் மாட்டிக்கொண்டிருந்தான்.

"அப்போ அந்தத் தேதி வேணாம்னு வெச்சுக்கலாமில்ல? பொறவு பாத்துக்கலாம்," என்று அங்கிருந்தே கேட்டான்.

அதே கணத்தில் தோளுக்குள் ஏதோ ஒன்று மாட்டிக்கொண்டது. ஊசி என்றால் ஒரு இடத்தில் குத்தும். இது அப்படியில்லை, கழுத்திலிருந்து விரல் நுனிவரை முழுக் கையையும் யாரோ முறுக்கிப் பிழிந்த மாதிரி இருந்தது. பல்லிடுக்கில் மூச்சு உள்ளே போனது. கெட்டிலை எங்கே வைத்தாள் என்றே தெரியவில்லை.

"நல்லது," என்று கூடத்திலிருந்து குரல் வந்தது. வாசல் கதவு சாத்தியது. அவன் சீட்டியடித்துக்கொண்டு முற்றத்தில் நடந்துபோவது கேட்டது.

எது நல்லது என்று அவளுக்குப் புரியவில்லை. தொட்டி விளிம்பைப் பிடித்துக்கொண்டு வலி இறங்கும்வரை நின்றாள். அவன் கேட்டதற்குப் பதில் சொல்லாமலே விட்டோம், பிறகு சொல்லிக்கொள்ளலாம் என்றுதான் நினைத்தாள்.

மத்தியானம் மகள் யென்னி கூப்பிட்டாள். யென்னி கடற்கரை நகரத்தில் இருக்கிறாள், பல் மருத்துவரிடம் உதவியாளர் வேலை, இரண்டு சின்னப் பிள்ளைகள்.

"அம்மா, அப்பா சொன்னாரு. நீ ஆபரேஷன தள்ளிப் போட்டது நல்லதுதான்மா. அவசரப்பட வேணாம்."

"நான் எங்க தள்ளிப் போட்டேன்?"

"அப்பா சொன்னாரே. வேட்டைக் கூட்டத்துக்கெல்லாம் சேதி அனுப்பிட்டாராம், மைலிஸ் வெட்டறா, கவலைப்படாதீங்கன்னு."

"நான் அவர்கிட்ட ஒண்ணும் சொல்லலியே யென்னி."

"கேட்டேன், சரின்னுட்டான்னாரு." யென்னி கொஞ்சம் தயங்கினாள். "எனக்கும் ஒரு விதத்துல சௌகரியம்தான்மா, சொல்றதுக்கு என்ன. அக்டோபர்ல எனக்கு ஒரு வாரம் பயிற்சி இருக்கு. பிள்ளைங்கள உங்கிட்ட விடலாம்னு இருந்தேன். கையக் கட்டிட்டு நீ எப்படி அவங்கள பாப்ப?"

"இப்ப மட்டும் எப்படிப் பாக்கறேன்னு நெனைக்கற?"

"இப்ப சமாளிச்சுக்கறியே."

சமாளிக்கிறாள். சின்னவனைத் தூக்க முடியாமல், தரையில் உட்கார்ந்து அவனை மடிமேல் ஏறச் சொல்லி, பிறகு எழுந்திருக்க நாற்காலியைப் பிடித்து இழுத்து. யென்னி வரும்போது தலை சீவி வைத்திருப்பதற்காக அரை மணி நேரம் முன்பே தொடங்குகிறாள், முழங்கையைக் கதவுச் சட்டத்தில் முட்டுக்கொடுத்து. தெரியாமல் பார்த்துக்கொண்டவள் அவளேதான். பிறகு பிள்ளைக்குத் தெரியவில்லையே என்று குறைபட என்ன உரிமை? இருந்தாலும் குறைபட்டாள். வாய்விட்டு அல்ல.

"அப்புறம் பேசறேன்," என்று வைத்தாள்.

ரோலாண்ட் கொட்டகையில் கத்தி தீட்டிக்கொண்டிருந்தான். மேலே கொக்கிகளைக் கழுவி வரிசையாகத் தொங்கவிட்டிருந்தான், வெட்டு மேஜையைச் சுரண்டி வெளுப்பாக்கியிருந்தான். அலமாரித் தட்டுக்கு வாங்கிய பலகை மேஜையின் ஆட்டத்தை நிறுத்த ஒரு காலுக்கடியில் கிடந்தது.

"யென்னிகிட்ட என்ன சொன்ன?"

"என்ன சொன்னேன்? நீ சொன்னதத்தான் சொன்னேன்."

"நான் என்ன சொன்னேன்?"

அவன் கத்தியை விளக்குக்கு நேரே திருப்பிப் பார்த்தான். "காலையில கேட்டேனில்ல, தேதி வேணாம்னு வெச்சுக்கலாமான்னு. ஆமாம்னியே."

"வாயத் தொறக்கல நான்."

"வாயத் தொறந்து யாரு சொன்னா? எப்பவும் போலத்தான் சொன்ன." அவன் உதட்டைக் குவித்து மூச்சை இழுத்துக் காட்டினான். "இப்படி."

மைலிஸ் அவனைப் பார்த்தபடி நின்றாள். வேண்டுமென்று செய்தவன் முகமில்லை அது. அவன் நிஜமாகவே அப்படித்தான் கேட்டிருந்தான்.

"மேல் தட்டுல கைய விட்டேன் ரோலாண்ட். தோள் மாட்டிக்கிச்சு. அந்த வலியில இழுத்த மூச்சு."

ரோலாண்ட் கத்தியை மேஜைமேல் வைத்தான்.

"எனக்கு எப்படித் தெரியும்?" என்றான். "ரெண்டும் ஒரே மாதிரிதானே கேக்குது."

"திரும்பிப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

"பூட்ஸ் மாட்டிட்டிருந்தேன்." அவன் குரலில் உண்மையான மனத்தாங்கல் இருந்தது. "இப்ப எல்லாருக்கும் சொல்லியாச்சு. சரின்னு எட்டு பேரு பதில் போட்டுட்டாங்க. எவர்ட் நாளைக்குப் பன்னண்டு மணிக்கு வரைபடத்தோட வர்றான், யார் எங்க நிக்கறதுன்னு பேச. இப்பப் போயி இல்லன்னு சொன்னா நான் என்னத்துக்கு ஆவேன்? பொண்டாட்டி சொன்னதே புரியாதவன் காட்டுல பதினோரு பேர நிறுத்தப் போறானாம்னு சிரிப்பானுங்க."

"சிரிக்கட்டுமே."

"நீ சுலபமா சொல்லிட்ட. யோசி. இன்னிக்கு முழுக்க இருக்கு. நாளைக்கு நீயே கூப்பிட்டு பிப்ரவரி குடுங்கன்னு சொல்லிடு, முடிஞ்சது."

அவள் வீட்டுக்குள் திரும்பி வந்து, எதுவும் செய்யாமல் ஜன்னலருகே உட்கார்ந்தாள். பகலில் அப்படி உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று என்று தெரியவில்லை.

அவள் மனம் பின்னால் போனது. ஆறு வருஷமாகத் தோள் இப்படி இருக்கிறது. ஆறு வருஷத்தில் எத்தனை முறை அவன் கூடத்திலிருந்தோ கொட்டகையிலிருந்தோ எதையோ கேட்டிருப்பான், இவள் எதையோ தூக்கிக்கொண்டிருந்திருப்பாள். பழைய படகை விற்றுவிட்டுப் பெரிய படகு வாங்கலாமா. அவன் தம்பி குடும்பம் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாரம் தங்கலாமா. நீ வண்டி ஓட்டுவதை நிறுத்திவிட்டால் இரண்டாவது காரை விற்றுவிடலாமா. அந்தக் கார் போனதில் அவளுக்கு எப்போதும் ஒரு குழப்பம் இருந்தது. தான் எப்போது சம்மதித்தோம் என்று நினைவில்லை, சம்மதித்திருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள்.

எல்லாவற்றையும் வலியின் தலையில் கட்டிவிட்டு எழுந்துவிட்டால் நிம்மதியாக இருந்திருக்கும். அப்படி முடியவில்லை. ரோலாண்டின் அம்மா அவர்களோடு வந்து நாலு வருஷம் இருந்தது, மைலிஸுக்கு நாற்பது வயதில். வேலையில் ஏழு கிழவிகளைக் குளிப்பாட்டிவிட்டு எட்டாவது கிழவியிடம் வீட்டுக்கு வருவாள். அம்மாவை இங்கேயே வைத்துக்கொள்ளலாமில்லையா என்று அவன் கேட்டபோது மூச்சை உள்ளே இழுத்தாள், நன்றாக ஞாபகமிருக்கிறது. அப்போது தோள் இரும்பு மாதிரி இருந்தது. ஒரு வலியும் இல்லை. அப்படியானால் அந்த மூச்சு என்ன? அதையும் அவன்தான் தப்பாகக் கேட்டானா? இல்லை. அவள் சரி என்றுதான் சொன்னாள். சரி என்று சொல்வதற்கு ஒரு மூச்சுதான் செலவு, இல்லை என்று சொல்ல வார்த்தை வேண்டும், காரணம் வேண்டும், அவன் முகம் வாடுவதைப் பார்க்க வேண்டும். மலிவானதை எடுத்துக்கொண்டாள். இப்போது எது வலி, எது சம்மதம், எது வெறும் சோம்பல் என்று அவளுக்கே பிரித்தெடுக்கத் தெரியவில்லை. இத்தனை வருஷம் ஒரே சத்தத்தில் எல்லாவற்றையும் சொல்லி வந்தவளை அவன் எப்படிப் புரிந்துகொள்வான்? அந்த நியாயம் அவன் பக்கம் இருந்ததுதான் அவளுக்குக் கசந்தது. முழுக்கக் கோபப்படக்கூட முடியவில்லை.

பிப்ரவரிக்குத் தள்ளிவிடலாம். தள்ளினால் வீடு அமைதியாக இருக்கும். சனிக்கிழமை அவள் மேஜையருகே நிற்பாள், இடது கையால் முடிந்ததை வெட்டுவாள், ஆண்கள் பார்த்து, மைலிஸ் ஒற்றைக் கையாலேயே நம்மை மிஞ்சுகிறாள் என்பார்கள். பிப்ரவரியில் பனிச்சறுக்கு வண்டி ஓட்டம் என்று ஏதாவது இருக்கும். மார்ச்சில் பனியில் துளை போட்டு மீன் பிடிக்கிற காலம். எலும்பு தேயும், சத்தம் போடாமல் தேயும்.

வெள்ளிக்கிழமை பதினொன்றே முக்காலுக்கு ரோலாண்ட் சமையலறைக்கு வந்தான். முகம் மழித்து, எவர்டுக்காகச் சுத்தமான சட்டை போட்டிருந்தான். அவனே காப்பி போட்டு வைத்திருந்தான், அது வழக்கமில்லை. அவள் எதிரே உட்கார்ந்து, அவளுடைய ஃபோனில் ஆஸ்பத்திரி எண்ணை அழுத்தி, மேஜைமேல் அவள் பக்கமாகத் தள்ளினான்.

"சும்மா சொல்லிடு. ரெண்டு நிமிஷ வேல."

மணி அடிப்பது கேட்டது. மைலிஸ் இடது கையால் எடுத்துக் காதில் வைத்தாள்.

"எலும்புப் பிரிவு, அன்னெலி."

"நான் மைலிஸ். தோள்."

"சொல்லுங்க. என்ன முடிவு பண்ணீங்க?"

ரோலாண்ட் அவளைப் பார்த்துத் தலையை மெல்ல ஆட்டினான், குழந்தைக்கு ஊக்கம் கொடுப்பது போல.

"வர்றேன்," என்றாள் மைலிஸ். "திங்கட்கிழமை மத்தியானம்னு சொன்னீங்க. எத்தன மணிக்கு?"

"ஒரு மணிக்கு வந்தா போதும். பரவால்லியே, எல்க் வாரத்துல எனக்கு ஒரு ஆள் கெடச்சாச்சு." தட்டச்சு செய்கிற சத்தம் கேட்டது. "மருந்துக் கடையில கிருமிநாசினி சோப்பு கேளுங்க, ஞாயித்துக்கிழமை சாயந்தரமும் திங்கட்கிழமை காலையிலயும் தலையோட குளிச்சுடணும். செவ்வாக்கிழமை காலையில இங்க குளிப்பாட்டிடுவாங்க. தோள்ல கீறல், காயம் ஏதாவது இருக்கா?"

"இல்ல."

"வீட்ல ஆறு வாரம் உதவிக்கு ஆள் இருக்காங்களா?"

மைலிஸ் எதிரே இருந்த சுத்தமான சட்டையைப் பார்த்தாள்.

"ஆள் இருக்கான். உதவிக்கான்னு தெரியல. நகராட்சிக்கு எழுதிப் போட்டுடுங்க, காலையில ஒரு தரம், சாயந்தரம் ஒரு தரம்."

நகராட்சியிலிருந்து வரப்போவது யாரென்று அவளுக்குத் தெரியும். அவள் வேலை பழக்கிய பெண்கள்தான். மரியாவோ உல்ரிகாவோ வந்து அவளைக் குளியலறை நாற்காலியில் உட்கார வைத்து, அக்குளைத் துடைத்து, உள்பாடியின் கொக்கியை மாட்டுவார்கள். அவள் சொல்லிக்கொடுத்த அதே அதட்டலான செல்லத்தோடு பேசுவார்கள். பக்கத்து அறையில் ரோலாண்ட் ரேடியோ கேட்டுக்கொண்டிருப்பான். பிறகு அன்னெலி சொன்ன பேருந்து நேரத்தைக் குறித்துக்கொண்டாள், நன்றி சொன்னாள், வைத்தாள்.

ரோலாண்ட் அசையாமல் உட்கார்ந்திருந்தான். அவன் கத்தவில்லை, அவன் கத்துகிறவன் இல்லை.

"திங்கட்கிழமை," என்றான். "வேட்டையோட மொத நாள். என்னால கொண்டு விட முடியாதுன்னு உனக்குத் தெரியும்."

"பஸ் இருக்கு."

"வேணும்னே செஞ்சிருக்க."

"அவங்க குடுத்த தேதி."

முற்றத்தில் சரளைக்கல் நெரிந்தது. எவர்டின் கார் திரும்பி நின்றது. கதவைத் திறந்து அவன் இறங்க நேரமாகும், அவனுக்கு இடுப்பு சரியில்லை. ரோலாண்ட் ஜன்னலைப் பார்த்தான், எழுந்து சட்டையை இழுத்துவிட்டுக்கொண்டான், மேஜைமேல் குனிந்து பேசினான். அந்தத் தாழ்ந்த குரல் மறுபடி வந்திருந்தது, ஆனால் இந்த முறை அதில் பயம் தெரிந்தது.

"சரி. போ. போகவே வேணாம்னு நான் சொல்லல. எவர்ட்கிட்ட மட்டும் ஒண்ணு சொல்லு. ஆஸ்பத்திரியில தேதிய மாத்தவே மாட்டேனுட்டாங்க, இதுதான் கடைசி, கட்டாயம் வரணும்னுட்டாங்கன்னு. நீ மொதல்ல சரின்னுதான் இருந்த, அவங்கதான் விடலன்னு. அவ்வளவுதான் கேக்கறேன். நாப்பத்திமூணு வருஷத்துல இதக்கூட செய்ய மாட்டியா?"

மைலிஸ் அவன் முகத்தைப் பார்த்தாள். மழித்த கன்னத்தில் சோப்பு நுரை கொஞ்சம் காதோரம் காய்ந்திருந்தது. பரிதாபமாகத்தான் இருந்தது. அந்தப் பரிதாபம் எவ்வளவு நாளைக்கு வரும் என்று அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

படியில் எவர்ட் பூட்ஸைத் துடைத்துக்கொள்ளும் சத்தம் கேட்டது.

"அது மாட்டேன் ரோலாண்ட்," என்றாள். "என்னக் கேட்டா, தேதி குடுத்தாங்க, நான் வர்றேன்னு சொன்னேன்னுதான் சொல்லுவேன்."